மத மோதல்களை ஆய்வு செய்வதையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்கலாமா?

வேளிமலை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படிக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு மதங்களுக்கு இடையிலான மோதல்களை எடுக்க வேண்டும் என்று ஆசை. 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.20 சதவீதம். இப்படி ஒரு மாவட்டத்தில் வரலாறு படித்தும், 1982இல் இங்கே நடந்த மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பற்றி வகுப்பில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வீட்டில் கேட்டால் "அதெல்லாம் இப்போ எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. பி.எட். முடித்து டெட் தேர்வு எழுது என்கிறார். மதம், கலவரம் என்று எழுதினால் வேலையும் கிடைக்காது, ஊர்ப் பகையும் வரும் என்பது அவருடைய பயம். அது வீண் பயம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. நாங்கள் இந்துக் குடும்பம். நான் போய் கேட்டால் கடற்கரை ஊர்களில் பேசுவார்களா? இந்தத் துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பாலக்கரை:

வேலை விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மற்றதை ஆய்வு செய்தவர்கள் சொல்லட்டும்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான யூ.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் சமயங்களின் ஒப்பீட்டு ஆய்வு என்று தனிப் பாடமே இருக்கிறது. பௌத்தம், சமணம், காந்தியம், அமைதி ஆய்வு எல்லாம் சேர்ந்த இன்னொரு பாடமும் உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. ஆனால் இந்தப் பாடங்களில் நெட் முடித்தவர்களை எடுக்கும் துறைகள் நாட்டில் கொஞ்சம்தான். பாட்டியாலா பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் 1967 முதல் சமயவியல் துறை இருக்கிறது. டெல்லி ஜாமியா மில்லியாவில் ஒப்பீட்டுச் சமயத்துக்கு ஒரு மையமும், அமைதிக்கும் மோதல் தீர்வுக்கும் நெல்சன் மண்டேலா பெயரில் இன்னொரு மையமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம், இஸ்லாம், சமணம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறை. இரண்டு மதத்துக்கு நடுவில் நடப்பதைப் படிப்பவர் எந்த அறையில் உட்காருவார் என்பதுதான் சிக்கல்.

அதனால் நெட்டை வரலாற்றிலேயே எழுதுங்கள். கலைக் கல்லூரிகளில் வரலாற்றுத் துறை இருக்கும். ஆய்வுத் தலைப்பு என்னவாக இருந்தாலும் நீங்கள் வரலாற்று ஆசிரியர்தான்.

கடற்கரைக்காரி:

மக்களே, நானும் உன் மாவட்டம்தான். குளச்சல் பக்கத்தில் ஒரு மீனவ ஊர், கத்தோலிக்கக் குடும்பம். 1982இல் நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நீ எடுக்க நினைக்கும் அதே மண்டைக்காட்டில்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உன் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

இந்த வேலையில் முதலில் தேவைப்படுவது இடத்தைப் பார்க்கும் கண். வேத நூல்களும் இறையியலும் அப்புறம் வரலாம். மாசிக் கொடை என்ற கோயில் திருவிழாவுக்கு இருமுடி கட்டி வரும் பெண்கள் கடலில் குளித்துவிட்டுத்தான் பகவதி அம்மன் கோயிலுக்குப் போவார்கள். கோயிலிலிருந்து கடல் நடந்து போகிற தூரம். அந்தக் கரையில் இருப்பது மீனவர் குடியிருப்பு. பக்தருக்கு அந்தக் கடல் தீர்த்தம். மீனவருக்கு அதே கரை வள்ளம் ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், வீட்டு முற்றம். வருடத்தில் பத்து நாள் ஆயிரக்கணக்கானவர்கள் இன்னொருவர் முற்றம் வழியாக நடந்துபோய்க் குளித்துவிட்டு வருகிறார்கள். 1982 மார்ச் 1 அன்று அங்கே மூண்ட தகராறு போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து 6 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. அரசு நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது.

ஆணைய அறிக்கையை நீ கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் ஆணையத்தின் கேள்வி 'யார் குற்றம்?' என்பது. ஆய்வாளரின் கேள்வி அது இல்லை. நான் பேசியவர்களிடம் முதலில் கவனித்தது, ஒவ்வொருவரும் கதையை எந்த நாளில் தொடங்குகிறார்கள் என்பதைத்தான். கடற்கரையில் கேட்டால் கதை துப்பாக்கிச்சூட்டில் தொடங்கும். உள்நாட்டு ஊர்களில் கேட்டால், குளிக்கப் போன பெண்களிடம் வம்பு செய்ததாகச் சொல்லும் இடத்தில் தொடங்கும். சிலர் ஒரு வருடம் பின்னால் போய், 1981இல் நெல்லை மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் திரளாக இஸ்லாத்துக்கு மாறினார்களே, அங்கே தொடங்குவார்கள். வயதான ஒரு வாத்தியார் என்னைத் திருவிதாங்கூர் காலத்தில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் வரைக்கும் கூட்டிப்போனார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு தொடக்க நாள், அவ்வளவுதான். அந்த நாளை மாற்றினால் யார் அடித்தவர், யார் பட்டவர் என்பதும் மாறிவிடுகிறது. என் ஆய்வின் பாதி இதைப் பற்றியது.

இந்துப் பெண் போனால் கடற்கரையில் பேசுவார்களா என்று கேட்டாய். எனக்கு இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து இருந்தது. என் பெயரையும் ஊரையும் சொன்ன உடனே உள்நாட்டில் முகம் மாறும். காபி தருவார்கள், படிப்பைப் பற்றி விசாரிப்பார்கள், அந்த நாளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். எனக்குக் கதவைத் திறந்தவர் என் அம்மா. அவர் மீன் கடவத்தைத் தலையில் வைத்து உள்நாட்டு வீடுகளுக்கு நடந்து போய் விற்றவர். கலவரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போக முடியவில்லை. திரும்பப் போனபோது சில வீடுகள் வாங்கின, சில வீடுகள் வாங்கவில்லை. அம்மாவுக்கு எந்த வீடு எது என்று அன்றைக்கும் தெரியும், சாகும்வரை தெரிந்திருந்தது. வாங்கிய வீடுகளிலிருந்துதான் நான் ஆரம்பித்தேன். அந்த வீட்டுப் பெண்கள் என்னை 'மீன்காரம்மா மகள்' என்று அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். உனக்கும் அப்படி ஒரு வழி உன் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அம்மா யாரிடம் மீன் வாங்குகிறார் என்று கேட்டுப் பார்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மேடைகளில் "எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது, சண்டைக்குக் காரணம் அரசியல்" என்று பேசுவார்கள். எதிர்ப்பக்கம் "மதம் இருக்கும்வரை சண்டை இருக்கும்" என்பார்கள். இரண்டு பேரும் ஒரு நாள்கூட ஊருக்குள் போய் உட்கார்ந்து கேட்டதில்லை. மண்டைக்காட்டில் நிலம் உண்டு, சாதி உண்டு, ஓட்டு உண்டு. அதே சமயம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு இருமுடி சுமந்து வரும் பெண்ணின் பக்தியும், புயலில் கரை சேர்த்த மாதாவுக்கு மீனவர் வைத்திருக்கும் நன்றியும் உண்மையானவை. அதை வெறும் சாக்கு என்று எழுதினால் அந்த மனிதர்களை நீ பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணேயை அவசியம் படி. 1950 முதல் 1995 வரை நடந்த இந்து-முஸ்லிம் கலவரங்களைத் திரட்டி, கலவர நகரம் ஒன்று, அமைதியான நகரம் ஒன்று என்று ஜோடி போட்டார்: அலிகர்-கோழிக்கோடு, ஹைதராபாத்-லக்னோ, அகமதாபாத்-சூரத். அவருக்கு முன்னால் பெரும்பாலானவர்கள் கலவரம் நடந்த ஊருக்கு மட்டும்தான் போனார்கள். இவர் நடக்காத ஊருக்கும் போனார். மற்ற மதத்தவரோடு அடிக்கடி சேர்ந்து சாப்பிடுவதாகச் சொன்னவர்கள் கோழிக்கோட்டில் 83 சதவீதம், அலிகரில் 54. ஆனால் அந்தப் பழக்கத்தைவிட, வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், கட்சி என்று இரண்டு தரப்பும் சேர்ந்திருக்கும் அமைப்புகள்தான் நெருக்கடியில் தாங்கின என்பது அவர் முடிவு. இன்னொரு அரசியல் அறிஞர் பால் பிராஸ் இதை ஏற்கவில்லை. கலவரம் தானாக மூள்வதில்லை, அதை மூட்டி வளர்க்கவே சில ஊர்களில் ஆட்களும் ஏற்பாடும் எப்போதும் தயாராக இருக்கிறார்கள் என்றார். இந்த இரண்டு பேரின் சண்டையைப் படித்தால் துறையின் பாதி தெரிந்துவிடும்.

நம் ஊருக்கு வார்ஷ்ணே அப்படியே பொருந்த மாட்டார். அவர் கணக்கில் கிராமங்களில் நடந்த சாவு 4 சதவீதத்துக்கும் குறைவு. நம்முடையதோ பெரும்பாலும் கிராமங்களில் நடந்தது, அதுவும் இந்து-கிறிஸ்தவ மோதல். உனக்கு இடம் இருப்பது அங்கேதான். 1982க்குப் பிறகும் ஒவ்வொரு மாசியிலும் கொடை நடக்கிறது, பெண்கள் அதே கடலில்தான் குளிக்கிறார்கள். எப்படி? யார் யாரிடம் முன்கூட்டிப் பேசுகிறார்கள்? பங்குச் சாமியார், கோயில் நிர்வாகம், வருவாய்த் துறை, போலீஸ், ஊர்க் கமிட்டி, இவர்களுக்குள் என்ன ஏற்பாடு? 1982 கலவர நேரத்தில் சமாதானம் செய்ய வந்தவர்களில் ஒருவர் குன்றக்குடி அடிகளார், ஒரு சைவ மடத்தின் தலைவர். அவர் பேச்சை மீனவர்கள் ஏன் கேட்டார்கள்? கலவரம் மூண்ட கதையைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத வருடங்களைத்தான் யாரும் எழுதவில்லை. நான் திரும்பவும் மாணவியானால் அந்த வருடங்களைத்தான் எடுப்பேன்.

பகை வருமா என்றால், வரும். என் சொந்தக்காரர்களே "அவங்க வீட்ல போய் உட்கார்ந்து எழுதுறியா" என்று கேட்டிருக்கிறார்கள். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். எழுதியதை இரு தரப்பும் வாசித்துவிட்டு 'நாங்கள் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். என் முடிவை ஒப்புக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை. பெயர்களை மாற்று, வீட்டு அடையாளத்தையும் மாற்று. பெயருக்கும் மாற்றுப் பெயருக்குமான பட்டியலைக் குறிப்பேட்டுடன் சேர்த்து வைக்காதே. இந்த விஷயத்தில் சோம்பல் கூடவே கூடாது. உனக்கு அது ஓர் அத்தியாயம். சொன்னவர் அந்தத் தெருவிலேயே வாழப்போகிறவர்.

மட்டக்களப்பு வாசகி:

கடற்கரைக்காரி அக்காவின் பதிலோடு ஒரு பெயரைச் சேர்க்க விரும்புகிறேன்: மானுடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. 1929இல் பிறந்த இலங்கைத் தமிழர், கிறிஸ்தவக் குடும்பம். ஒரு சமய ஆய்வாளரின் வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பதற்கு இவரைப் பாருங்கள்.

1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்த நேரம், கிழக்கிலங்கையின் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் மாணவர்களோடு கள ஆய்வில் இருந்தபோது அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. அதன் பிறகு தாய்லாந்துக்குப் போனார், கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்ட் என்று கற்பித்தார். தாய்லாந்து பௌத்தத்தைப் பற்றி 1970, 1976, 1984 ஆண்டுகளில் வந்த அவருடைய மூன்று பெரிய நூல்கள் மானுடவியலில் இன்றும் படிக்கப்படுகின்றன. பௌத்தத்தை அவ்வளவு மரியாதையோடு படித்த ஒரு தமிழர் அவர். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு தன் நாட்டு வன்முறையை எழுத ஆரம்பித்தார். 1986இல் ஒரு நூல், 1992இல் அகிம்சையைப் போதிக்கும் சமயத்தின் பிக்குகள் அரசியல் வன்முறைக்கு எப்படித் துணைபோனார்கள் என்று கேட்ட நூல், 1996இல் தெற்காசியக் கலவரங்களை ஒப்பிட்டு ஒரு நூல். 1992இல் வந்ததற்கு இலங்கையில் கடும் எதிர்ப்பு. 1997இல் பால்சான் பரிசு கிடைத்தது, 2014இல் காலமானார்.

அவருடைய 1996 நூலில் ஒரு கருத்து எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். ஒரு சின்ன உள்ளூர்த் தகராறு எப்படித் தன் விவரங்களை ஒவ்வொன்றாக இழந்து பெரிய இனப் பிரச்சினை ஆகிறது, பிறகு அந்தப் பெரிய பிரச்சினை எப்படித் திரும்பி வந்து வேறு ஊர்த் தகராறுகளுக்குள் புகுகிறது என்று காட்டுகிறார்.

எங்கள் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசுகிறோம், வயலும் வயலும் ஒட்டிக் கிடக்கின்றன. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுக்க வெளியேற்றப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இவற்றை எழுத முயலும் தமிழ் ஆய்வாளர் முதலில் தன் தரப்பு செய்ததை எழுத வேண்டும். அதைத் தாண்டிப் போகிறவரை முஸ்லிம் வீடுகளில் யாரும் நம்ப மாட்டார்கள், நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே வேலை என்று பார்த்தால் பல்கலைக்கழகத்தைவிட மாவட்ட சர்வமதக் குழுக்களோடு வேலை செய்யும் அமைப்புகளில்தான் வாய்ப்பு. நானும் அப்படி ஒன்றில் சில காலம் இருந்தேன். மௌலவி, குருக்கள், பாதிரியார், பிக்கு நால்வரையும் மேடையில் உட்காரவைத்துப் படம் எடுப்பது சுலபம். ஒரு வதந்தி கிளம்பிய இரவில் அவர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எடுக்கவைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும், திட்டத்துக்கு நிதி தருபவர்களோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்பார்கள்.

வேளிமலை:

அக்காமாருக்கும் பாலக்கரை அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் கேட்டேன். மீன் கொண்டுவரும் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு இருபது வருடத்துக்கு மேலாக வருகிறார்களாம். அவர்களிடம் பேசலாம் என்று அம்மாவே சொல்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி, கடற்கரைக்காரி அக்கா. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? ஆய்வில் சேரும்வரை இருக்கும் மாதங்களில் நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

கடற்கரைக்காரி:

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவரோடு சண்டை போடாதே. எனக்கு முனைவர் பட்டம் முடிந்த பிறகும் நிரந்தர வேலை கிடைக்கப் பல வருடம் ஆனது. அதுவரை கௌரவ விரிவுரையாளர் சம்பளம்தான், அதுவும் கோடை விடுமுறையில் கிடையாது. கல்யாணம், கடன், அம்மாவின் வைத்தியம் எல்லாம் அந்த வருடங்களில்தான் வந்தன. இதை மறைத்துவிட்டு உன்னை இழுத்துவிட எனக்கு மனசில்லை. பி.எட். முடித்துவிட்டு வந்தால் ஆய்வு ஒன்றும் கெட்டுப்போகாது. பள்ளி வேலையில் இருந்துகொண்டு பகுதி நேரமாக முனைவர் பட்டம் முடித்த நல்ல ஆய்வாளர்களை எனக்குத் தெரியும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மட்டும் முழு நேரமாகச் சேர். கிடைக்காமல் முழு நேரம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வழிகாட்டியைத் தேடும்போது அவர் பெயரைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று விசாரி. பதிவு செய்யும்போது தலைப்பில் கலவரம் என்ற சொல்லைப் போடாமல் 'மண்டைக்காடு வட்டாரத்தில் திருவிழாவும் ஊர் உறவுகளும்' என்பதுபோல் வைத்துக்கொள். இது உண்மையான தலைப்புதான், ஏமாற்று இல்லை. அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தயங்காமல் போடுவார், ஊரிலும் நிம்மதியாகப் பேசுவார்கள்.

இந்த மாதங்களில் மீன்காரப் பெரியம்மாவோடு அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போ. ஒன்றும் கேட்காதே, குறிப்பேட்டையும் எடுக்காதே. பூசையில் என்ன நடக்கிறது, எப்போது எழுந்து நிற்கிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று பார். தக்கலையில் பீர்முகமது அப்பா தர்காவில் அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஓதும் இரவு ஒன்றுக்கும் போ. நம் மாவட்டத்தில் மூன்றாவது தரப்பு ஒன்று இருப்பதை இந்து-கிறிஸ்தவக் கதை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு முறை போய், 1982 பிப்ரவரி, மார்ச் நாளிதழ்கள் எது எது கிடைக்கும் என்று பட்டியல் எடுத்துவை.

அப்புறம் மலையாளம் படிக்கக் கற்றுக்கொள், இது முக்கியம். 1956 நவம்பர் 1 வரை நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. கோயில் நிலம், கடற்கரைப் புறம்போக்கு, எந்த வழியில் யார் போகலாம் என்ற பழைய வழக்குகளைத் தேடிப் போனால் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில்தான் போய் நிற்பாய், அங்கே பெரும்பாலும் மலையாளம்தான். பேச வராவிட்டால் பரவாயில்லை, கையெழுத்துப் பிரதியை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். உன் அப்பாவின் அப்பா காலத்துப் பத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால், அதிலிருந்தே ஆரம்பி.